ஆஸ்டினில் ஓர் ஆளுநரைத் தேடி

"ஏழரைக்கே போய் இடம் பிடிக்கணும்கா, இல்லன்னா தலைகளைத்தான் பார்க்கணும்" என்று தங்கை சொல்லியிருந்தாள். நாங்கள் காரை நிறுத்திவிட்டுப் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு. கைப்பிடிச் சுவர் நெடுக மனிதர்கள். கீழே ஏரிக்கரைப் புல்வெளியில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். தைப்பூசத்துக்கு ரதம் வருவதற்காகக் காத்திருக்கும் கூட்டம்போல ஒரு பரபரப்பு.

எட்டேகால் வாக்கில் பாலத்தின் அடியிலிருந்து மெல்லிய புகைக்கோடு ஒன்று கிளம்பியது. அடுத்த நிமிடம் அது தடித்து, நெளிந்து, கிழக்கு வானத்தை நோக்கி ஓடும் கறுப்பு ஆறாகிவிட்டது. எல்லாம் வௌவால்கள். கோடையில் இங்கே 15 லட்சம் வரை தங்குகின்றனவாம். 1980-ல் பாலத்தைப் புதுப்பித்தபோது கான்கிரீட்டுக்கு இடையே விடப்பட்ட குறுகிய இடைவெளிகள் அவற்றுக்கு வாகாக அமைந்துவிட்டன. ஆரம்பத்தில் ஊர்மக்கள் பயந்துபோய் இவற்றை ஒழித்துவிட வேண்டும் என்றார்கள். ஒரு ராத்திரியில் இவை தின்று தீர்க்கும் பூச்சிகளின் கணக்கு தெரிந்த பிறகு, அதே ஊர் இப்போது பெருமையோடு விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுகிறது. இன்னொன்றும் சொன்னார்கள். மார்ச் மாதம் மெக்சிகோவிலிருந்து வந்து இங்கே குட்டி போடும் இவற்றில் பெரும்பாலானவை தாய் வௌவால்கள்.

திரும்பும்போதுதான் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். 'ஆன் டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் காங்கிரஸ் அவென்யூ பாலம்'.

"யாரும்மா இந்த ஆன் ரிச்சர்ட்ஸ்?" என்று தங்கை மகளிடம் கேட்டேன். பன்னிரண்டு வயது. அங்கேயே பிறந்து வளர்கிறவள்.

"டெக்சஸ் கவர்னரா இருந்தவங்க, பெரியம்மா. பெரிய வெள்ளை முடி. மோட்டார்சைக்கிள்ல உட்கார்ந்த மாதிரி ஒரு படம் இருக்கு, செம்மயா இருக்கும்."

"ரொம்ப வேடிக்கையாப் பேசுவாங்களாம்" என்று தங்கையும் சேர்த்துக்கொண்டாள்.

முடி, மோட்டார்சைக்கிள், வேடிக்கைப் பேச்சு. ஒரு மாநிலத்தை நான்கு ஆண்டுகள் ஆண்ட பெண்ணைப் பற்றி மிஞ்சியது இவ்வளவுதானா என்று எனக்கு உறுத்தியது. அது 2018 ஆகஸ்டு. பணி ஓய்வு பெற்ற கையோடு தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க எனக்கு வேறு வேலை இல்லை. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவள் நான். இந்த அம்மாளின் கோப்புகள் எங்கே இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன்.

ஆளுநர் என்றதும் நமக்கெல்லாம் பினாங்கு, மலாக்கா மாநிலங்களின் யாங் டிபெர்துவா நினைவுக்கு வருவார். தமிழ்நாட்டுச் செய்தி பார்க்கிறவர்களுக்கு ராஜ்பவன். 1947-ல் சரோஜினி நாயுடு ஐக்கிய மாகாணத்தின் ஆளுநரானார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. ஆனால் அது நியமனப் பதவி. அமெரிக்காவில் ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அது மந்திரி பெசார் வேலை. நான் போயிருந்த அந்த ஆண்டு மே மாதம்தான் நம் நாட்டுக்கு முதல் பெண் துணைப் பிரதமர் வந்திருந்தார். ஒரு பெண் மந்திரி பெசாரையோ முதலமைச்சரையோ இன்றுவரை நாம் பார்த்ததில்லை.

டெக்சஸுக்கு ஆன் ரிச்சர்ட்ஸ் முதல் பெண் ஆளுநர் அல்லர். அவருக்கு முன்பே 1925-லும் பிறகு 1933-லும் மிரியம் ஃபெர்குசன் என்பவர் இருந்திருக்கிறார். ஆனால் அந்த அம்மாளின் கணவர் ஜிம் ஃபெர்குசன் ஆளுநராக இருந்து பதவி பறிக்கப்பட்டவர். மீண்டும் நிற்கத் தடை வந்ததால் மனைவியை நிறுத்தினார். ஒருவர் சம்பளத்தில் இரண்டு ஆளுநர் என்பதுதான் அவர்கள் பிரசாரமே. கணவர் பெயரில் ஏறாமல், சொந்தக் காலில் நின்று அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண் என்றால் அது ரிச்சர்ட்ஸ்தான்.

1933-ல் வேக்கோ நகரத்தை ஒட்டிய சிற்றூரில் பிறந்தவர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. பட்டிமன்றத் திறமைக்குக் கிடைத்த உதவிச் சம்பளத்தில் கல்லூரி படித்தார். கல்யாணம், நான்கு குழந்தைகள், கொஞ்ச காலம் ஆஸ்டினில் பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தால் மற்றவர்களுக்காக ஓடியாடி வேலை செய்கிற கட்சித் தொண்டர். 1976-ல் மாவட்ட ஆணையர் பதவிக்கு நிற்கச் சொல்லி முதலில் அவருடைய கணவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட, மனைவி நின்று ஜெயித்தார்.

பிறகு மது. 1980-ல் குடும்பமும் நண்பர்களும் உட்காரவைத்துப் பேசி அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் அதன்பின் குடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. கல்யாணம் முறிந்தது. 1982-ல் மாநிலப் பொருளாளராகத் தேர்வானார். அந்த மாநிலம் முழுமைக்குமான ஒரு பதவிக்குப் பெண் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது ஐம்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை. நம் வீடுகளில் ஒரு பெண் குடித்துச் சிகிச்சைக்குப் போனாள் என்றால் அவள் கதை அதோடு முடிந்தது என்பார்கள். இவருக்கு அதற்குப் பிறகுதான் எல்லாமே நடந்திருக்கிறது.

அந்த மோட்டார்சைக்கிள் படத்துக்கு வருகிறேன். 'டெக்சஸ் மந்த்லி' பத்திரிகையின் 1992 ஜூலை அட்டைப்படம் அது. வெள்ளைத் தோல் உடையில், ஹார்லி டேவிட்சன் வண்டியில், ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த உடம்பு அவருடையது அல்ல. வேறொரு மாடல் பெண்ணின் உடம்பில் இவர் தலையை ஒட்டினார்கள். (அறுபதாவது வயதில் நிஜமாகவே ஹார்லி ஓட்டக் கற்றுக்கொண்டார் என்பது பின்கதை.) 1988 ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் பேசிய பேச்சுதான் அவரை நாடறியச் செய்தது. நடனத்தில் ஆண் ஆடியதை எல்லாம் அவன் துணைவியும் ஆடினாள், அதுவும் பின்னோக்கி, குதிகால் செருப்போடு என்று ஒரு வரி அதில் வரும். இன்றும் பெண்கள் தினத்துக்கு அது சுற்றி வருகிறது. அந்த வரியும் அவருடையது இல்லை. ஒரு பத்திரிகைக் கேலிச்சித்திரத்தில் முதலில் வந்தது.

படம் இரவல், வாசகம் இரவல். அப்படியானால் அவருடையது எது?

டெக்சஸ் பல்கலைக்கழக வளாகத்தில், லிண்டன் ஜான்சன் நூலகத்தின் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது டால்ஃப் பிரிஸ்கோ அமெரிக்க வரலாற்று மையம். ஆன் ரிச்சர்ட்ஸின் ஆவணங்கள் அங்கேதான் உள்ளன. பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் போதும், பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். பசியாறிவிட்டு ஒன்பதரை மணி பஸ்ஸில் போய் இறங்கினேன். வெளியே 38 டிகிரி வெயில், உள்ளே நடுங்கவைக்கும் குளிர்சாதனம். அடையாளக் கடப்பிதழைக் காட்டிப் பதிந்துகொண்டேன். கைப்பையைப் பெட்டகத்தில் பூட்டச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலும் ஒரு கோப்பு. தாள்களின் வரிசை மாறக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் இந்த ஒழுங்கில் பாதியாவது இருந்திருந்தால் என் முதுகுவலி மிச்சமாகியிருக்கும்.

"என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள்?" என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். ஒன்றும் இல்லை, ஊர் சுற்ற வந்தவள் என்றேன். அதிசயமாகப் பார்க்கவில்லை. பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

கடிதங்கள், நிகழ்ச்சி நிரல்கள், பேச்சுகளின் தட்டச்சுப் படிகள், புகைப்படங்கள். பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு நாளின் நிரலைப் படித்தாலே மூச்சு வாங்குகிறது. காலைக் கூட்டத்திலிருந்து இரவு விருந்து வரை கால்மணிக் கால்மணியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அரசியல்வாதிகளைப் பற்றிய புத்தகங்களில் இது வராது. ஆனால் ஒரு கிராணியின் கண்ணுக்கு இதுதான் ஆட்சி. யாரைச் சந்தித்தார், யாரை எவ்வளவு நேரம் சந்தித்தார், யாருக்கு நேரமே கிடைக்கவில்லை.

அப்புறம் பெயர்கள். எங்கு திறந்தாலும் பெயர்கள்.

டெக்சஸ் ஆளுநருக்கு அதிகாரம் குறைவு என்பது அங்கே போன பிறகு நான் கற்றுக்கொண்ட பாடம். அந்த மாநிலத்தின் சட்டம் ஒரே ஆளிடம் அதிகாரம் குவிவதை விரும்பாமல் எழுதப்பட்டது. துணை ஆளுநர், சட்டத்துறைத் தலைவர் எல்லாரும் தனித்தனியே மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆளுநர் சொன்னால் அவர்கள் கேட்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த மாநிலத்தை அன்றாடம் நடத்துவது நூற்றுக்கணக்கான வாரியங்களும் ஆணையங்களும். பல்கலைக்கழகம், மருத்துவ உரிமம், வனவிலங்கு, சிறை என எதை எடுத்தாலும் ஒரு வாரியம். அவற்றில் யார் உட்கார வேண்டும் என்பதை ஆளுநர் தீர்மானிக்கிறார். அதிகாரம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ரிச்சர்ட்ஸ் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 நியமனங்கள் செய்தார். அவற்றில் 46 விழுக்காட்டினர் பெண்கள். 20 விழுக்காட்டினர் ஸ்பானிய வம்சாவளியினர், 15 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அதற்கு முன் அந்த வாரியங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். பதவியேற்ற நாளில், 1991 ஜனவரியில், ஆயிரக்கணக்கான மக்களோடு காங்கிரஸ் அவென்யூ நெடுக நடந்து சட்டமன்றத்துக்குப் போனார். கூட வந்தவர்களுக்கும் உள்ளே இடம் உண்டு என்று சொன்னதை அவர் இந்தப் பட்டியல்களில் செய்து காட்டினார். தென் மாநிலங்களிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் பார்பரா ஜோர்டனைத் தமது நெறிமுறை ஆலோசகராக அமர்த்தினார். நூற்றாண்டுக்கும் மேல் ஆண்களே இருந்த டெக்சஸ் ரேஞ்சர்ஸ் காவல் படையில் 1993-ல் முதன்முதலாக இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி நான் செய்த வேலை நியமனக் கடிதம் தட்டச்சு செய்வது. 'சூராட் லந்திக்கான்' என்போம். இந்தக் குழு, அந்தக் குழு, ஆலோசனை மன்றம், விசாரணைக் குழு. பட்டியல் மேலே இருந்து வரும், நான் பெயரை ஏற்றிக் கடிதம் அடிப்பேன். எத்தனையோ நூறு கடிதங்கள். அவற்றில் நம் இனத்துப் பெண்ணின் பெயரை நான் அடித்தது எத்தனை முறை என்று ஓய்வு பெற்ற அன்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் போதுமாக இருந்தன. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்பார்கள். அந்தப் பெண்கள் அதே கட்டடத்தில்தான் அடுத்த மாடியில் வேலை பார்த்தார்கள்.

ஆகவே இந்த அம்மாள் தேடச் சொன்னார், தேடினார்கள், கிடைத்தார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் அது பொய். லீனா குர்ரேரோ என்ற இளம்பெண்ணை 1991-ல் ரயில்வே ஆணையத்துக்கு நியமித்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், டெக்சஸில் எண்ணெய்க் கிணறுகளைக் கட்டுப்படுத்துவது ரயில்வே ஆணையம்தான்! அதில் அமர்ந்த முதல் பெண் குர்ரேரோ. முதல் ஸ்பானிய வம்சாவளியினரும் அவரே. அடுத்த ஆண்டே, அவர் முடித்ததாகச் சொன்ன பல்கலைக்கழகப் பட்டத்தை முடிக்கவில்லை என்பது வெளியே வந்தது. பதவி விலகினார், தேர்தலிலும் தோற்றார். இப்படி ஒரு ஆண் பொய் சொல்லி மாட்டினால் அவன் ஒருவன் பொய்யன். ஒரு பெண் மாட்டினால், பார்த்தாயா, இதற்குத்தான் சொன்னோம் என்பார்கள். ரிச்சர்ட்ஸுக்கு அந்த அடி பலமாகவே விழுந்தது.

வேறு கணக்குகளும் இருக்கின்றன. அவர் காலத்தில்தான் டெக்சஸில் அரசாங்க லாட்டரி வந்தது. 1992 மே மாதம் முதல் சீட்டை அவரே வாங்கினார். நாலு நம்பர் கடை வாசலில் வரிசை நிற்கும் நம் ஊர் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு இது ரசிக்கவில்லை. சிறைகளைப் பெருக்கினார். சிறைக்குள்ளே மதுவுக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்குச் சிகிச்சைத் திட்டம் கொண்டுவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அது எங்கிருந்து வந்த அக்கறை என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே நான்கு ஆண்டுகளில் டெக்சஸில் ஏறத்தாழ 50 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் அதைத் தடுக்க முனையவில்லை. அவரை அன்போடு நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிறார்கள்.

1990 தேர்தலில் எதிர்த்து நின்ற எண்ணெய்ப் பணக்காரர் கிளேட்டன் வில்லியம்ஸ், பாலியல் வன்கொடுமையை மழையோடு ஒப்பிட்டு ஜோக் அடித்தவர். ஒரு மேடையில் அவர் கை கொடுக்கக்கூட மறுத்தார். அந்த ஆளைச் சுமார் 99,000 ஓட்டு வித்தியாசத்தில்தான் ரிச்சர்ட்ஸால் ஜெயிக்க முடிந்தது. 1993-ல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது தொடர்பான மசோதாவைத் தம் அதிகாரத்தால் நிராகரித்தார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷிடம் தோற்றார். புஷ் வந்ததும் 1995-லேயே துப்பாக்கிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தோற்ற கொஞ்ச நாளில் ரிச்சர்ட்ஸ் ஒரு டோரிட்டோஸ் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டே வந்தார். அதுதான் அவர் குணம்போலும்.

மாலை நாலரைக்கு அந்தப் பெண் வந்து, மூடும் நேரமாகிறது என்றாள். கோப்பை மூடி, நாடாவைக் கட்டி, பெட்டியில் வைத்தேன். பழக்கதோஷத்தில் தாள்களின் விளிம்பைத் தட்டிச் சமன்செய்யப் போய், வேண்டாமென்று கையை இழுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எல்லாரும் லீவு. மாநில இடுகாட்டுக்குப் போக வேண்டும் என்றதும் மாப்பிள்ளை தங்கையை ஒரு மாதிரி பார்த்தார். ஊர் சுற்ற வந்த அக்காள் சுடுகாட்டுக்குப் போகக் கேட்கிறாள்! ஆனால் அது பூங்கா மாதிரி இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஊருக்குப் பெயர் கொடுத்த ஸ்டீஃபன் ஆஸ்டினும் இங்கேதான் இருக்கிறார். 2006 செப்டம்பரில் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்த ரிச்சர்ட்ஸுக்கு ஒரு வெள்ளைக் கல். அதே இடுகாட்டில் பார்பரா ஜோர்டனும். 1996-ல் இங்கே அடக்கம் செய்யப்பட்டபோது, இந்த மண்ணில் இடம் கிடைத்த முதல் கறுப்பினத்தவர் அவர். பாலத்துக்கு ரிச்சர்ட்ஸ் பெயர் வைத்தது அவர் இறந்த இரண்டே மாதத்தில். அடுத்த ஆண்டு அவர் பெயரில் பெண் பிள்ளைகளுக்கான அரசாங்கப் பள்ளி ஒன்றும் ஆஸ்டினில் திறந்தது.

அங்கிருந்து சட்டமன்றக் கட்டடம். 1888-ல் கட்டிய செங்கருங்கல் மாளிகை. வாஷிங்டனில் இருப்பதைவிட எங்களுடையது சில மீட்டர் உயரம் என்று வழிகாட்டி மறக்காமல் சொல்கிறார். உள்ளே போகக் காசு இல்லை, வழிகாட்டியும் இலவசம். நடு மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் நான்கு மாடிக்குச் சுவரைச் சுற்றி ஆளுநர்களின் ஓவியங்கள். புதிதாக ஒருவர் படம் வரும்போது கீழ்த்தளத்தில் மாட்டுகிறார்கள். அதற்கு இடம் விட்டு மற்ற படங்கள் எல்லாம் ஒவ்வோர் இடமாகத் தள்ளிப் போகும். வரவர மேலே ஏறி, மாடி மாறிப் போவார்கள்.

ரிச்சர்ட்ஸ் இன்னும் கீழேதான் இருந்தார். அவருக்கு அடுத்து புஷ், அதற்கடுத்து ரிக் பெர்ரி. வெள்ளை முடி அப்படியே. மோட்டார்சைக்கிள் இல்லை.

தங்கை மகள் படிக்கட்டில் ஏறி ஒவ்வொரு மாடியாகச் சுற்றி வந்தாள். கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறாள் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"ரெண்டே ரெண்டு பேர்தான், பெரியம்மா. மேல ஒரு பாட்டி, இங்க இவங்க."

"அந்தப் பாட்டி கதை வேற" என்றேன். "வா, கார்ல போறப்ப சொல்றேன்."